இரவல் தொட்டில்: சொந்தத்துக்குள் குழந்தைச் சாமான் கொடுப்பதும் கேட்டு வாங்குவதும்

குழந்தை பிறந்த முதல் மூன்று மாதத்தில் வீட்டுக்குள் வந்து சேரும் சாமான்களில் பாதி, எட்டாவது மாதம் பரணுக்கு ஏறிவிடும். தொட்டில், குளிப்பாட்டும் டப், குடை மாதிரி விரியும் கொசுவலை, பால் புட்டியில் கிருமி போக்கும் ஸ்டெரிலைசர், நாலு தடவை போட்டதும் சிறிதாகிப்போன ஜுப்பாக்கள். அடுத்த பிரசவம் சொந்தத்தில் யாருக்கு என்று பார்த்து அங்கே அனுப்புவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. போகிறபோது எல்லார் முகத்திலும் சிரிப்புதான். இரண்டு வருடம் கழித்து அதே தொட்டிலால் நாத்தனாரும் அண்ணியும் பேசாமல் இருப்பார்கள்.

“இரவல் உடைமை இசைவாயிருக்கிறது, என் பிள்ளையாணை நான் கொடுக்கமாட்டேன்” என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் வாங்கியவர் வேண்டுமென்றே அமுக்கிக்கொண்ட கேஸ் உண்மையில் குறைவு. கொடுத்தவர் “வச்சுக்கோ, எங்களுக்கு இனிமே எதுக்கு” என்று வாயால் சொல்லிவிட்டு, “அடுத்ததுக்கு ஆகும்” என்று மனசில் வைத்துக்கொண்ட கேஸ்தான் அதிகம். அதனால் திரும்ப வாங்குவதைவிடக் கொடுக்கும் நாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் இருக்கும்.

முதல் வேலை: பொருள் யாருடையது என்று பார்ப்பது

பொருள் இருக்கும் வீடு வேறு, பொருளுக்கு உரியவர் வேறு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் முடிந்து, தாயும் பிள்ளையும் புகுந்த வீட்டுக்கு வரும்போது கூடவே வந்த தொட்டில், வெள்ளிச் சங்கு, அரைஞாண், கொலுசு எல்லாம் அந்தப் பெண்ணுடையது. அவளுடைய அம்மா அப்பா வாங்கியது. அது மாமியார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்பதால் மாமியாருடையது ஆகிவிடாது.

அதிகம் நடக்கிற தவறு இதுதான்: மகளுக்குப் பிரசவம் என்றதும் மாமியார் பரணில் இருந்து தொட்டிலை இறக்கி அனுப்பிவிடுவார். அவர் கணக்கில் அது வீட்டுப் பொருள், வீட்டுப் பிள்ளைக்குப் போகிறது. மருமகள் கணக்கில் அது அப்பா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது. நடுவில் நாத்தனாருக்கு எதுவுமே தெரியாது. இதைத் தவிர்க்க வாங்குகிறவரே ஒரு போன் போட்டால் போதும்: “அண்ணி, தொட்டில் உங்க அம்மா வீட்டுல குடுத்ததுன்னு சொன்னாங்க. நான் எடுத்துக்கட்டுமா? உங்களுக்கு எப்ப வேணும்?” இந்தக் கேள்விக்கு “வேண்டாம்” என்று சொல்பவர் யாரும் இல்லை. கேட்காமல் எடுத்துப் போனால்தான் வலிக்கும்.

தாய்மாமன் சீராக வந்தது, பாட்டி தன் கையால் தைத்தது இவற்றுக்கும் இதே முறை. ஏற்கெனவே வேறு ஒருவரிடம் இரவல் வாங்கிய பொருளை நீங்கள் மூன்றாவது கைக்குத் தரவே கூடாது. உங்கள் ஓரகத்திக்கு அவசரம் என்றாலும், உரியவரைக் கேட்டு, அவர் வாயால் “குடு” என்று சொன்ன பிறகுதான். கேட்காமல் மூன்றாம் கைக்குப் போன பொருளுக்கு யாரும் பொறுப்பு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது வீட்டுக்குத் திரும்புவதும் அபூர்வம்.

எதைக் கொடுக்கக் கூடாது

கேட்டாலும் மறுக்க வேண்டிய பொருள்கள் சில உண்டு. மறுப்பது கஞ்சத்தனம் இல்லை என்பதற்குக் காரணத்தையும் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

பால் புட்டி, நிப்பிள், கடிக்கும் ரப்பர் வளையம்: கொடுக்க வேண்டாம். நிப்பிள் இரண்டு மூன்று மாதத்தில் பிசுபிசுக்கும், நுனி கிழியும். பழைய பிளாஸ்டிக் புட்டியில் கீறல் விழுந்த இடத்தில் கிருமி தங்கும், கொதிக்க வைத்தாலும் முழுதாகப் போகாது. ஸ்டீல் பாலாடை, வெள்ளிச் சங்கு இரண்டையும் கொதிநீரில் போட்டுச் சுத்தமாக்கலாம், அவற்றில் தொந்தரவில்லை.

தாய்ப்பால் எடுக்கும் பம்ப்: மலிவான பம்புகள் பலவற்றில் பால் குழாய் வழியாக மோட்டார் வரை போய்விடும். மோட்டாரைக் கழற்றிக் கழுவ முடியாது. ஒருவர் மட்டும் பயன்படுத்தவே செய்த பம்ப் அது. பால் பின்னால் போகாமல் தடுக்கும் மூடி உள்ள, ‘குளோஸ்டு சிஸ்டம்’ என்று போட்ட பம்பாக இருந்து, கையேடும் பலர் பயன்படுத்தலாம் என்று சொன்னால் மோட்டாரை மட்டும் கொடுக்கலாம். புனல், வால்வு, குழாய் எல்லாவற்றையும் வாங்குகிறவர் புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாக்கர்: சக்கரம் வைத்து, உள்ளே உட்கார வைக்கும் வகையைச் சொல்கிறோம். படிக்கட்டிலிருந்து உருண்டு விழும், கைக்கு எட்டாத கொதிக்கும் பாத்திரம் எட்டும். கனடாவில் 2004-லேயே விற்பனையைத் தடைசெய்துவிட்டார்கள். இதைக் கொடுத்து உதவுவதைவிட உடைத்துப் பழைய சாமான்காரரிடம் போடுவது நல்லது. மர நடைவண்டி வேறு. அதைக் குழந்தை பின்னால் நின்று தள்ளும், அதைக் கொடுக்கலாம்.

மிச்சம் இருக்கும் மருந்து: குழந்தைச் சாமான் பையோடு சேர்ந்து போகிற மிக ஆபத்தான பொருள் இதுதான். பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 125 அல்லது 250 மி.கி. சொட்டு மருந்தின் டிராப்பர் சிரப் பாட்டிலோடு கலந்து போனாலோ, சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தாலோ குழந்தைக்கு இரண்டிலிருந்து நாலு மடங்கு மருந்து போய்விடும், அல்லது மருந்து பத்தாமல் போகும். திறந்த பால் பவுடர் டின்னையும் அனுப்பாதீர்கள். திறந்த ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அது. உரை மருந்துக் கல்லைக் கழுவிக் கொடுக்கலாம். பழைய மாசிக்காய், ஜாதிக்காய், வசம்புத் துண்டுகளை விட்டுவிடுங்கள். பூஞ்சை பிடித்திருக்கும். அதையெல்லாம் உரைத்துக் கொடுக்கலாமா என்பதே மருத்துவரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

இலவம்பஞ்சு மெத்தை, கடுகுத் தலையணை: மூத்திரம் உள்ளே ஊறிக் காய்ந்திருக்கும், கடுகில் பூச்சி வைக்கும். ஒரு வயதுக்குள் தலையணையே வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உங்கள் மெத்தை உங்களோடு இருக்கட்டும்.

கார் சீட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அடிப்பக்கத்தில் தயாரித்த தேதியோ காலாவதித் தேதியோ அச்சிட்டிருக்கும். தயாரித்து ஆறு முதல் பத்து வருடம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கார் ஒருமுறை பலமாக இடித்திருந்தால், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அந்த சீட் முடிந்தது. தேதி தெரியாது, கையேடு இல்லை, எந்தக் காரில் இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை என்றால் வாங்காதீர்கள். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அதற்காக ஏதோ ஒரு சீட் என்று மாட்டிவைப்பதில் பயனில்லை.

தொட்டிலைக் கொடுக்கும் முன்

மரத்தொட்டில்தான் அதிகம் கைமாறுகிறது, அதிகம் பிரச்சினையும் அதில்தான். கம்பிகளுக்கு இடையே ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மூலைகளில், ஆணிக்குழிகளில் கறுப்புப் புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. மரத்தைத் தட்டும்போது மாவு கொட்டினால் உளுத்துவிட்டது.

தாத்தா காலத்துத் தொட்டில் என்றால் பெயின்ட்டைக் கவனியுங்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல்தான் வந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்ட்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். பல் முளைக்கும் குழந்தை முதலில் கடிப்பது தொட்டில் விளிம்பைத்தான். புதுசு மாதிரி கொடுக்கலாம் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தத் தூசி பெயின்ட்டைவிட மோசம். உரிந்துகொண்டிருக்கும் பழைய பெயின்ட் என்றால் அந்தத் தொட்டிலைக் கொலுவில் பொம்மை வைக்கப் பயன்படுத்துங்கள்.

கழற்றும்போது போல்ட், நட்டு, வாஷரை எண்ணி ஒரு ஜிப் கவரில் போட்டு, எண்ணிக்கையை அதன்மேலேயே எழுதி (‘6 இன்ச் போல்ட் 8, நட்டு 8, ஊஞ்சல் கொக்கி 2’), தொட்டில் சட்டத்தோடு நூல் கயிறால் கட்டிவிடுங்கள். பூட்டியிருந்த நிலையில் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவையுங்கள். குடும்பத்துக்குள் இரவலாகச் சுற்றும் தொட்டில் சாதாரணமாக இரண்டு வீடு மாறும். பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டில் இருக்கும்போது அங்கே, மூன்று அல்லது ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டுக்கு வரும்போது இங்கே. போல்ட் தொலைவது எப்போதும் அந்த இரண்டாவது பயணத்தில்தான். தொலைந்த இடத்தில் கம்பியை முறுக்கிக் கட்டிவைப்பார்கள். ஒருநாள் அந்தப் பக்கம் இறங்கும்.

தூளி (ஏணை என்று சொல்லும் ஊர்களும் உண்டு) கட்டும் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் இழை விட்ட இடம் தெரியும். முடிச்சு விழும் முனையும் மடிப்பும்தான் முதலில் போகும். பாட்டி சேலை என்று கொடுப்பதில் பாசம் இருக்கிறது, ஆனால் ஐந்தரை மீட்டரில் நடுப்பகுதி நைந்திருந்தால் அது துடைக்கும் துணிக்குத்தான் சரி. ஸ்பிரிங்கைக் கொடுப்பதானால் துரு, சுருள்களுக்கு நடுவே இடைவெளி இரண்டையும் பாருங்கள். தொங்காமல் கீழே கிடக்கும்போதும் சுருள்கள் பிரிந்தே இருந்தால் அது இழுபட்டுப் போனது. ஸ்பிரிங்குக்குள் ஓடும் பாதுகாப்புக் கயிறு அறுந்த நிலையில் யாருக்கும் தராதீர்கள். வாங்கிய வீட்டில் கட்டி முடித்ததும் 10 கிலோ அரிசிப் பையைப் போட்டு ஒரு மணி நேரம் தொங்கவிட வேண்டும், தரைக்கும் தூளிக்கும் ஒன்று ஒன்றரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தையை எடுத்ததும் தூளியை மேலே சுருட்டிக் கட்டிவிட வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பெரிய பிள்ளைகள் அதில் சுற்றி விளையாடிக் கழுத்து மாட்டிக்கொள்வது நிஜமாகவே நடக்கிறது.

காலித் தொட்டிலை ஆட்டக் கூடாது என்று முதலில் குழவிக் கல்லைக் கிடத்தி ஆட்டிவிட்டுப் பிறகு பிள்ளையைக் கிடத்தும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. சாஸ்திரம் எப்படியோ, இரவல் தொட்டிலுக்கு அது நல்ல சோதனை.

துணிகள்

துணியை இரவல் கொடுக்காதீர்கள். கொடுத்துவிடுங்கள். ‘இந்த நாலு ஜுப்பா திரும்ப வேணும்’ என்று கணக்கு வைத்தால் வாங்கியவர் பிள்ளைக்குப் போடவே பயப்படுவார். விதிவிலக்கு மூன்றே: பட்டுப்பாவாடை, கையால் பின்னிய ஸ்வெட்டர், பெயர் சூட்டும்போது போட்ட முதல் உடுப்பு. இவற்றைத் திரும்ப எதிர்பார்த்தால் தனிப் பையில் போட்டுச் சொல்லிக் கொடுக்கவும். மனசு வராவிட்டால் கொடுக்காமலே இருக்கவும்.

பரணிலிருந்து எடுத்த துணியில் பாச்சை உருண்டை வாசம் அடித்தால் அப்படியே அனுப்பக் கூடாது. அதில் இருக்கும் நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தையின் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். அந்தக் குறை இருப்பது பெரும்பாலும் பிறக்கும்போது யாருக்கும் தெரிந்திருக்காது. நாலைந்து நாள் வெயிலில், காற்றில் விரித்துப் போட்டு, இரண்டு முறை துவைத்து, வாசம் முற்றிலும் போன பிறகுதான் கொடுக்க வேண்டும். மூக்கில் கொஞ்சம் ஏறினாலும் அந்தத் துணி வேண்டாம். இனி எடுத்துவைக்கும்போது காய்ந்த வேப்பிலையும் வெட்டிவேரும் மெல்லிய துணி முடிச்சில் போதும்.

எடுத்துவைத்தபோது வெள்ளையாக இருந்தது, எடுக்கும்போது கழுத்தோரம் மஞ்சளாக இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். பால் கக்கிய இடத்தில் கொழுப்பு மிச்சம் இருந்து நாளாக நாளாகக் காற்றுப் பட்டு நிறம் மாறுவது அது. பரணுக்கு ஏற்றும் முன் இரண்டு தண்ணீரில் அலசி முழு வெயிலில் காயவைத்தால் பெரிதும் குறையும்.

லங்கோடு, பழைய வேட்டித் துணியைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் கொடுக்கலாம். பாக்கெட் வைத்த துணி டயப்பரைக் கொதிக்க வைத்தால் உள்ளே உள்ள நீர் புகாத படலம் உரிந்துவிடும், கடைசியில் எல்லாம் கசியும். மிச்சமான டயப்பர் பாக்கெட்டைக் கொடுக்கும்போது மாதக் கணக்கு பார்க்காமல் பாக்கெட்டில் போட்ட கிலோ கணக்கைப் பாருங்கள். எஸ் சைஸ் பெரும்பாலும் 4 முதல் 8 கிலோ, எம் 7 முதல் 12 கிலோ.

கொடுக்கும் நாள்

மூன்று விஷயத்தை வாயால் சொல்லிவிட வேண்டும், அதே நாளில்:

1. இது இரவலா, கொடுத்துவிட்டதா. “துணியெல்லாம் உனக்கே. தொட்டிலும் ஸ்டெரிலைசரும் எங்களுக்கு அப்புறம் வேணும்.” இவ்வளவுதான். “பார்த்துக்கலாம்”, “அப்புறம் பேசிக்கலாம்” என்ற சொற்களை மட்டும் தவிர்க்கவும். கேட்பவர் காதில் அது “வச்சுக்கோ” என்றுதான் விழும்.

2. எதுவரை. தேதியாகச் சொல்லாமல் பிள்ளையின் வளர்ச்சியை வைத்துச் சொல்லுங்கள். “ஜூன் மாசம் குடுத்துடு” என்றால் கறாராக இருக்கும். “எழுந்து விளிம்பைப் புடிக்க ஆரம்பிச்சா தொட்டில் வேண்டாம்ல, அப்பக் குடுத்துடு” என்றால் காரணமும் அதிலேயே இருக்கிறது. குளியல் டப் நன்றாக உட்காரும்வரை, அதாவது ஏழெட்டு மாதம். தொட்டில் கையூன்றி எழ முயலும்வரை. ஸ்டெரிலைசர் ஒரு வயது வரை. நடைவண்டி தானாக நடந்து ஒரு மாதம் ஆகும்வரை. தள்ளுவண்டிக்கு மட்டும் எல்லை தெளிவில்லை. மூன்று வயதுப் பிள்ளையும் ஏறி உட்காரும். அதற்கு மட்டும் “ரெண்டு வயசு வரைக்கும்” என்று முன்கூட்டியே சொல்லவும்.

3. உடைந்தால் என்ன. “சக்கரம் கொஞ்சம் ஆடும், ஏற்கெனவே அப்படித்தான்” என்று இருக்கும் குறையைச் சொல்லிவிட்டால் பிறகு அது வாங்கியவர் தலையில் விழாது.

பிறகு வாட்ஸ்அப்பில், அவருக்கு மட்டும், போட்டோவுடன் ஒரு வரி: “தொட்டில், கொசுவலை, ஸ்டெரிலைசர் மூணும் அனுப்பியாச்சு. போல்ட் கவர் சட்டத்துல கட்டியிருக்கு.” ஒப்பந்தம் மாதிரி தெரியாது. ஆனால் மூன்று வருடம் கழித்துத் தேடினால் கிடைக்கும்.

எப்போது அனுப்புவது என்பதில் அவர்கள் வீட்டு வழக்கமே முக்கியம். பிள்ளை பிறக்கும் முன் எதுவும் வாங்கிவைக்காத வீடுகள் ஏராளம். அங்கே எட்டாம் மாதமே தொட்டிலைக் கொண்டுபோய் இறக்கினால் பெரியவர்கள் முகம் சுண்டும். நீங்கள் துடைத்துக் கட்டித் தயாராக வைத்திருங்கள், பிறந்த செய்தி வந்ததும் அனுப்புங்கள். எந்த வீட்டுக்கு என்றும் கேட்டுக்கொள்ளவும். செவ்வாய், வெள்ளியில், குறிப்பாக விளக்கு வைத்த பிறகு வீட்டுப் பொருளை வெளியே அனுப்பாத பழக்கம் இருபக்கமும் இருக்கலாம். ஞாயிறு காலை யாருக்கும் தொந்தரவில்லாதது.

வெளிநாட்டிலிருந்து வந்த சாமான் என்றால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். ‘இன்புட் 100–240 வோல்ட்’ என்று இருந்தால் சரி. அமெரிக்காவில் வாங்கிய, 120 வோல்ட் மட்டும் என்று போட்ட ஸ்டெரிலைசரை நம் 230 வோல்ட்டில் செருகினால் அன்றோடு புகைதான்.

வெள்ளியும் தங்கமும்

தங்கத்தை இரவல் தராதீர்கள், போட்டோ எடுக்க ஒரு நாள் என்றாலும். 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம் என்றாலும் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. குழந்தை மோதிரம் பெரும்பாலும் அந்த எடைக்குள்தான். ஹால்மார்க்கின் அடையாள எண் இல்லாத மோதிரம் தொலைந்தால் எந்த மோதிரம் என்று நிரூபிக்க வழியில்லை.

வெள்ளிச் சங்கு, கொலுசு, அரைஞாணைக் கொடுப்பதானால் எடையோடு கொடுங்கள். தராசுத் தட்டில் வைத்த போட்டோ ஒன்று போதும். வெள்ளியில் நடக்கும் தவறு தொலைப்பது மட்டும் இல்லை. பிள்ளை வளர்ந்து கொலுசு பத்தாமல் போனதும், கடையில் கொடுத்துப் பெரியதாக மாற்றிவிடுவார்கள். ‘கூடப் பணம் போட்டுத்தானே மாத்தினோம்’ என்பார்கள். உரியவருக்கு அது தன் பிள்ளையின் முதல் கொலுசு, அதில் இருந்த பல் தடத்தோடு போய்விட்டது. மாற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள்.

திரும்பக் கேட்பது

குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கொடுத்து, நேரடியாக அவரிடமே, போனில் கேட்கவும். குடும்ப குரூப்பில் கேட்டால் பத்துப் பேர் முன்னால் கடன் கேட்டது போல ஆகும். உங்கள் அம்மா மூலம் அவர் அம்மாவிடம் சொல்லச் சொன்னால் தொட்டில் விஷயம் சம்பந்தி விஷயமாக மாறிவிடும். பேச்சு இப்படித் தொடங்கலாம்: “குட்டி எழுந்து நிக்கிறானாமே! தொட்டில்ல இன்னும் படுக்கிறானா? இல்லேன்னா அடுத்த மாசம் அந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கிறேன்.” எடுத்துவரும் வேலையை நீங்களே ஏற்றுக்கொண்டால் பாதி தூரம் கடந்தாயிற்று. அவருக்கு வண்டி இல்லை, ஆள் இல்லை என்பதுதான் பல வீடுகளில் தாமதத்துக்குக் காரணம்.

ஒரு சிக்கலைப் புதுசாகக் கல்யாணமானவர்கள் எதிர்பார்ப்பதில்லை. தொட்டிலைத் திரும்பக் கேட்ட நிமிடமே “என்ன, விசேஷமா?” என்ற கேள்வி வரும். மூன்றாம் மாதம் முடியாமல் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தால் தொட்டில் உங்களைக் காட்டிக் கொடுத்துவிடும். அவசரமும் இல்லை. பல வீடுகளில் தொட்டிலில் போடுவதே 11 அல்லது 16-ஆம் நாள்தான். ஏழாம் மாதத்துக்குப் பிறகு கேட்டால் போதும்.

அவர் பிள்ளை இன்னும் அதில் படுத்துக்கொண்டிருக்கிறது, உங்களுக்கும் வேண்டும் என்றால், சொன்ன எல்லை தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டவில்லை என்றால் நீங்கள்தான் காத்திருக்க வேண்டும், அல்லது தூளி கட்டிச் சமாளிக்க வேண்டும். வேறொரு சொந்தக்காரருக்குக் கொடுப்பதற்காக, பயன்பாட்டில் இருப்பதைப் பிடுங்குவது மட்டும் எந்த நியாயத்திலும் சேராது.

ஒருமுறை கேட்டீர்கள், “தரேன்” என்றார், வரவில்லை. இன்னொரு முறை ஞாபகப்படுத்தலாம். மூன்றாவது முறை கேட்பதற்குள் அந்தப் பொருளின் இன்றைய பழைய விலையை நினைத்துப் பாருங்கள். மூவாயிரம் ரூபாய்த் தொட்டில், நாலு வருடம் ஓடியது. கொடுத்ததாக நினைத்துவிட்டு, அடுத்த முறை அவர் கேட்டால் துணி மட்டும் கொடுங்கள்.

இரண்டு இடத்தில் கேட்கவே கூடாது. வாங்கிய வீட்டில் பிள்ளை தங்கவில்லை என்றால் அந்தச் சாமான்கள் தானாக வரும்வரை வாய் திறக்காதீர்கள். வந்தால் ஏன் வந்தது என்றும் கேட்காதீர்கள். அதேபோல், முதல் பிள்ளைக்குப் பிறகு வருடக்கணக்காக அடுத்ததற்குக் காத்திருக்கும் ஒருவர் தொட்டிலைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார் என்றால், “சும்மாதானே கிடக்கு” என்று இரவல் கேட்கப் போகாதீர்கள்.

திருப்பிக் கொடுப்பவர் செய்ய வேண்டியது

கேட்கும் முன்பே கொடுத்துவிட்டால் உங்கள் மதிப்பு தனி. ஈரத் துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, போல்ட்டை எண்ணி அதே கவரில் போட்டு அனுப்புங்கள். ஸ்டெரிலைசரின் அடித்தட்டில் போர்த் தண்ணீர் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் போகும். கத்தியால் சுரண்டினால் பூச்சு போகும்.

நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், அல்லது வரும்படி கேளுங்கள். கல்யாண மண்டபத்தில் பார்க்கும்போது கைமாற்றிக்கொள்ளலாம் என்று எடுத்துப்போன சாமான் ஏதாவது ஒரு வேனில் ஏறி வேறு ஊருக்குப் போய்விடும். சங்கு, பாலாடையை வெறுமனே திருப்பித் தர வேண்டாம், கொஞ்சம் கற்கண்டு வைத்துக் கொடுப்பது முறை. பெரிய சாமானுக்கு, அந்தப் பொருளில் வளர்ந்த அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புது உடுப்போ விளையாட்டுச் சாமானோ வாங்கிப் போங்கள். தன் தொட்டில் வேறு வீட்டுக்குப் போனதை அந்தப் பிள்ளை மறந்திருக்காது.

தேய்மானத்துக்கு யாரும் பொறுப்பில்லை. சக்கரம், பிரேக், ஜிப் போன்றவை போனால் சரிசெய்துவிட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிக் கொடுப்பதைவிட மோசமானது கிடையாது. அடுத்த குழந்தை உட்கார்ந்த அன்று அது விடும். தொலைந்துவிட்டால் தெரிந்த அன்றே போன் செய்யவும். பணம் நீட்ட வேண்டாம், வாங்க மாட்டார்கள், இரண்டு பேருக்கும் சங்கடம். அதே பொருளை, அல்லது அதற்கு நிகரானதை வாங்கிக் கொண்டுபோங்கள். “பரவாயில்லை, விடு” என்பார்கள். விட வேண்டாம்.

திரும்பி வந்த சாமானை உரியவர் வாசலிலேயே பிரித்து ஆராயக் கூடாது. கொண்டுவந்தவர் கிளம்பிய பிறகு பாருங்கள். குறை இருந்தால் இரண்டு நாளுக்குள் சொல்லவும், இல்லாவிட்டால் சொல்லாமலே விடவும். ஆறு மாதம் கழித்துச் சீமந்தத்தில் வைத்துச் சொல்வதற்காகச் சேர்த்துவைக்க வேண்டாம். பிறகு பரணுக்கு ஏற்றும்போது அட்டைப்பெட்டியில் என்ன இருக்கிறது, யார் வீட்டுச் சீர், கடைசியாக யாரிடம் இருந்து எந்த மாதம் வந்தது என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். மேல்பக்கம் எழுதாமல் பக்கவாட்டில் எழுதுங்கள். பரணில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் மேல்பக்கம் தெரியாது.